ஹெலி ஓட்டலாம் என்று கூப்பிட்டார்கள், போய் வந்தோம்

மருமகனுக்கு ஹெலிகொப்டர் பைத்தியம். 2011 ஜனவரி வெள்ளத்தில் விமானப்படை ஹெலியை மூன்று வயதில் என் தோளில் இருந்து பார்த்தவன், இன்றைக்கும் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுகிறான். அதனால்தான் மட்டக்களப்பு நகரில் நடந்த 'விமானி ஆவது எப்படி' ஒருநாள் வகுப்புக்கு ஆளுக்கு 2500 ரூபாய் கட்டி இரண்டு பேரும் போனோம். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம், போனவர்களுக்குத் தெரியும்.

ஒன்பது மணி என்றார்கள், தொடங்கப் பத்தேகால். முதல் ஒரு மணித்தியாலம் கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர் திரையில் சம்பளக் கணக்குக் காட்டினார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அடுத்து வந்தவருக்குத்தான் நாங்கள் கட்டிய காசு தகும். விமானப்படையில் ஹெலி ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே எழும்புவது பெரிய வேலை இல்லையாம், நிலத்துக்கு மேலே ஐந்தடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் வேலையாம். இடது கையில் கலெக்டிவ், அது ஏற்றி இறக்கும் பிடி; வலது கையில் சைக்ளிக், அது முன்பின்னும் பக்கத்துக்கும் சாய்க்கும் பிடி; காலில் மூக்கைத் திருப்ப இரண்டு பெடல். கலெக்டிவைத் தூக்கினால் ஹெலி எழும்பும், கூடவே மூக்கும் திரும்பும், அதைப் பிடிக்கப் பெடலை மிதித்தால் பக்கவாட்டில் நகரும், அதைத் திருத்தச் சைக்ளிக்கைத் தொட்டால் உயரம் மாறும், பிறகு திரும்பவும் கலெக்டிவ். மூலையில் சிமுலேட்டர் வைத்திருந்தார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம், அதுவும் நம்ம மட்டக்களப்பு விமான நிலையத்தையே போட்டு. நான் மூன்று தடவை வாவிக்குள் விழுந்தேன். மருமகனின் ஹெலியும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த விமானப்படை ஐயா அவன் கைக்கு மேலே கையை வைத்து, "மகன், சொதி கலக்காதே, சும்மா பிடிச்சிரு" என்றார். அதுக்குப் பிறகு இருபது விநாடி நின்றது.

என்ஜின் நின்றால் கல்லு மாதிரி விழும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உடனே கலெக்டிவை இறக்கினால் கீழே இருந்து ஏறும் காற்றே ரோட்டரை, அதாவது தலைக்கு மேலே இருக்கும் விசிறியை, சுற்றிக்கொண்டிருக்கும், அந்தச் சுழற்சியைக் கடைசிவரை சேமித்து மெதுவாக இறக்கலாம். ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். ரொபின்சன் ஆர்22 போன்ற இரண்டு சீட் ஹெலியில் ரோட்டர் பாரம் குறைவு, அது சட்டென்று வேகம் குறைந்துவிடும், ஆகவே யோசிக்க நேரமில்லை, கை தானாக இறங்க வேண்டும்.

மத்தியானத்துக்குப் பிறகு பாடநெறியில் சேரும் படிவம் வந்தது. அட்டையில் ஹெலி படம், உள்ளே 200 மணித்தியாலப் பறப்பு என்று. மருமகன் எழும்பி, "சேர், 200 மணித்தியாலம் என்றது விமானத்துக்கு. சர்வதேச விதியில் ஹெலி வணிக அனுமதிப்பத்திரத்துக்கு 150, அங்கீகரித்த பாடநெறி என்றால் 100 தானே?" என்று கேட்டான். "ஒஃபிஸில கேட்டுச் சொல்றோம் தம்பி." விற்க வந்தது விமானப் பாடநெறி, ஹெலி படம் எங்களை மாதிரி ஆட்களை இழுக்க. இன்றைக்கே முற்பணம் கட்டினால் கழிவாம்!

தேத்தண்ணி நேரத்தில் அந்த விமானப்படை ஐயாவைத் தனியாகப் பிடித்தேன். 150 மணித்தியாலத்தோடு போனால் ஆரும் வேலை தரமாட்டார்கள், வெளிநாட்டில் நிறையப் பேர் முதலில் இன்ஸ்ட்ரக்டராக இருந்துதான் ஆயிரம் மணித்தியாலம் சேர்க்கிறார்கள் என்றார். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு விமானப்படை ஒரு வழி, அங்கே திருகோணமலைச் சீனன்குடாப் பயிற்சியில் முதலில் விமானம், ஹெலி பிறகுதான். எது என்றாலும் ஒரு சதம் கட்டமுதல் மருத்துவச் சோதனை செய்யச் சொன்னார், முக்கியமாக நிறப்பார்வை. கண்ணாடி போட்டாலும் பார்வை திருந்தினால் பாதகமில்லை, நிறம் பிரிக்கத் தெரியாவிட்டால்தான் சிக்கல். படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு தடவை நடத்தினால் போங்கள், பதினொன்றேகாலுக்குப் போனால் போதும். புரியாணி நல்லது, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் படிவம் லாச்சிக்குள் கிடக்கிறது, மருமகன் கண் டொக்டரிடம் நம்பர் எடுத்துவிட்டான்.