படி வைத்த ஃபில்லர் கேஜ்: ஆறாம் நம்பர் டேப்பட் சத்தத்துக்கு இது காரணமில்லை

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினை முழுசாக இறக்கிக் கட்டினேன். கேம் ஷாஃப்ட், டேப்பட் எல்லாம் புதுசு. வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கர் மட்டும் பழசு. அந்தக் கஞ்சத்தனத்தின் கதை கீழே வரும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடவேண்டிய டேப்பட் இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கும்போது 15 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். அதை அளக்கவே இந்த ஃபில்லர் கேஜை, அதாவது மெல்லிய அளவுத் தகடுகளின் கட்டை, வாங்கினேன்.

சாதாரண கேஜில் தகட்டை நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும் என்பார்கள். லேசாக என்றால் எவ்வளவு? போகப்போகக் கைக்குப் பிடிபட்டுவிடும் என்பார்கள். எனக்குப் பிடிபடவே இல்லை. காலையில் சரியாக இருந்த வால்வு சாயங்காலம் இறுக்கமாகத் தெரியும். இதில் அந்த வம்பு கிடையாது. ஒரே தகட்டில் நுனி 14 தௌ, அதற்குப் பின்னால் 16. நுனி நுழைந்து, படியில் முட்டி நின்றால் சரி. நுனியே போகாவிட்டால் இறுக்கம், முழுசும் வழுக்கிக்கொண்டு போனால் லூஸ். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், இரண்டு அளவும் சுத்தம். வரும்போது துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் வருகிறது; துடைக்காமல் அளக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, வண்டியைத் தள்ளித் தள்ளி இன்ஜினைச் சுற்றித்தான் வேலை. ஒன்பது கணக்கு தெரிந்தால் போதும்: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை, ஆறாவது திறந்தால் மூன்றாவதை, இப்படி இரண்டும் சேர்ந்து ஒன்பது வரவேண்டும். இடைவெளியை வைக்கிற ஸ்க்ரூ ராக்கரில் இருக்கிறது; அதை நிறுத்திப் பிடிக்கிற லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே வலப்பக்கம் திரும்பி இடைவெளியைத் தின்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் கொஞ்சம் திரும்பத்தான் செய்கிறது. அதனால் 16 மயிரிழையில் நுழைகிற அளவுக்கு விட்டுவிட்டு நட்டை முறுக்குவேன். முடித்துவிட்டுப் பார்த்தால் படி முட்டும். சாதாரண கேஜில் இந்த வித்தையைப் பண்ணியிருக்கவே முடியாது.

இப்போது கேஜோடு நான் போட்ட சண்டைக்கு வருகிறேன். எட்டு வால்வும் கேஜ் கணக்கில் சரி. ஸ்டார்ட் பண்ணினால் ஆறாவதிலிருந்து டிக் டிக் டிக். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் படி முட்டுகிறது. கேஜைத் திருப்பி அனுப்ப டப்பாவில் போட்டு ஒட்டியும்விட்டேன். கடைசி முயற்சியாக ராக்கர் நுனியில் டயல் கேஜை (அசைவை முள்ளால் காட்டும் அளவுகோல்) வைத்து ஆட்டிப் பார்த்தால், 20 தௌ! ராக்கரைக் கழற்றி, வால்வில் படுகிற முகத்தை நகத்தால் தடவினேன். நகம் குழியில் இறங்கியது. வருஷக்கணக்கில் வால்வுத் தண்டு தட்டித் தட்டிப் பறித்த குழி. தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரண்டு கரையிலும் பாலம் மாதிரி உட்கார்ந்திருந்தது. கேஜ் அளந்தது கரையை. சத்தம் போட்டது குழி. புது ராக்கர் போட்டு, அதே தகட்டால் வைத்தேன். சத்தம் நின்றது. டப்பாவைப் பிரித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற எட்டு நட்டில் நாலு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அதனால் கொஞ்ச தூரம் ஓட்டி ஹெட்டை மறுபடி டைட் வைத்ததும் டேப்பட்டையும் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். அந்த இரண்டாவது சுற்றை அரை மணி நேரத்தில் முடித்தேன்; முதல் சுற்றுக்கு ஒரு மதியமே போயிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. தகடுகள் நேராக இருக்கின்றன. நுனி கொஞ்சம் வளைந்திருந்தால் கடைசி வால்வுகளுக்குக் கை மடக்க வேண்டியிருக்காது. எல்லாத் தகட்டையும் கோர்க்கிற ஸ்க்ரூ அடிக்கடி லூஸாகிறது. நம்பரை ஆழமாக வெட்டாமல் மேலோட்டமாக அச்சடித்திருக்கிறார்கள், அதற்குள்ளேயே மங்கிவிட்டது. என் 14-16 தகட்டின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.