ஆலப்புழா ஹவுஸ் போட்: காட்டியது ஒன்று, ஏற்றியது வேறொன்று

ஆலப்புழாவில் ஹவுஸ் போட் புக் பண்ண நினைப்பவர்கள், அதிலும் சனி ஞாயிறில் ஜோடியாகப் போகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என் கணவருக்கும் போன மாதம் நடந்தது.

போனில் ஏஜென்ட் மரியாதையாகத்தான் பேசினார். ஒரே படுக்கையறை உள்ள தனி போட், மேல்தளத்தில் உட்கார இடம், நாள் முழுக்க ஏசி, பகல் 12 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரை, எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். வாட்ஸ்அப்பில் படங்களும் வந்தன. பாதிப் பணத்தை யுபிஐ மூலம் வாங்கிக்கொண்டார். பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. ரசீது கேட்டால், "இந்த மெசேஜே ரசீதுதான் மேடம்" என்றார்.

போட் ஏறும் இடமான புன்னமடாவில் போய் இறங்கினால் அந்தப் போட் இல்லை. இன்ஜின் கம்ப்ளெயின்ட்டாம். பதிலுக்கு நின்றது இரண்டு அறை கொண்ட பழைய போட். மேல்தளமே கிடையாது. இன்னொரு அறையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. அவர்களிடமும் தனி போட் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பணத்தை வைத்தால்தான் ஏற்றுவோம் என்று கரையில் நின்ற ஆள் கறாராகச் சொல்லிவிட்டார். ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அங்கே வேறு போட் கிடைப்பது கஷ்டம், ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகவும் மாட்டார்கள். அது தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்கள்.

12 மணிப் போட் கிளம்பும்போது மணி ஒன்றே முக்கால். இந்தத் தாமதம் ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் மாலை 5.30க்கு மேல் அங்கே ஹவுஸ் போட் ஓடக் கூடாது. கரையில் கட்டிவிட்டு மறுநாள் காலையில்தான் அவிழ்ப்பார்கள். அது நியாயமான விதி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஏஜென்ட் சொல்லும் 21 மணி நேரத்தில் போட் நிஜமாக ஓடுவது நான்கைந்து மணி நேரம்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு அதிலும் ஒன்றே முக்கால் மணி போயாச்சு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்டிப் போட்டார்கள். அப்புறம் ஒரு மீன்கடை. கரிமீனையும் இறாலையும் எடை போட்ட பிறகுதான் விலை சொன்னார்கள், பொரித்துத் தரத் தனிக் காசு. வேம்பநாட்டுக் காயல் அகன்று விரியும் இடத்தை எட்டிப் பார்த்ததோடு போட் திரும்பிவிட்டது. ஏசி இரவு 9 மணிக்குத்தான் ஓடியது.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். லைஃப் ஜாக்கெட் அப்படி இல்லை. எங்கே என்று என் கணவர் கேட்டதும், பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துக் காட்டினார்கள். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பூசணம் பிடித்துக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் கொக்கி உடைந்திருந்தது, குழந்தை அளவில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். 2023 மே 7 அன்று இதே கேரளத்தில், தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் நிறைய. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் சமையல்காரச் சேட்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: எங்கள் கணக்கில் போட் முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தது 8,000 ரூபாய்தானாம். மிச்சம் நடுவில் நின்றவருக்கு. சேட்டன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மனுஷன், கையில் கொடுத்த சாமானை வைத்து ருசியாகவே சமைத்துப் போட்டார்.

போகிறவர்கள் டீலக்ஸ், பிரீமியம் என்ற வார்த்தைகளை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். குறிப்பிட்ட போட்டின் பெயரும் பதிவு எண்ணும் மெசேஜில் வர வேண்டும். தனி போட்டா, ஷேரிங்கா, ஏசி எத்தனை மணியிலிருந்து, எத்தனை மணி நேரம் ஓடும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "எல்லாம் ஒரே டைப்தான், வந்து பாருங்க" என்று பதில் வந்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். முடிந்தால் வார நாளில் போய், போட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். காயலைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஹவுஸ் போட் கட்டாயமே இல்லை. குறுகிய கால்வாய்களுக்குள் பெரிய போட் நுழையாது, ஷிகாரா என்கிற கூரை போட்ட சின்னப் படகு நுழையும். ஆலப்புழாவிலிருந்து அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் போட்டில் உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து மிகக் குறைந்த கட்டணத்தில் போகலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கேரளத்துக்கு அலைய வேண்டியதில்லை. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, அந்த மூட்டையின் படம் எல்லாவற்றையும் என் கணவர் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். அந்தக் குடும்பமும் எங்களோடு சேர்ந்து புகார் கொடுக்கிறது.