முக்கூர்த்திக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி 14,400 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள் – ஊட்டிக்கு டூர் புக் செய்பவர்கள் படிக்கவும்

நேற்று இரவுதான் கோபிக்கு வந்து சேர்ந்தோம். இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று நானும் விட்டுவிடுவேன், அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் ஊட்டி சேரிங்கிராஸில் வந்து நிற்கும். டூர் புக் செய்வதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு வயது 68. அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நீலகிரி வரையாட்டைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். நம் மாநில விலங்கு அது, சங்கப் பாட்டில் 'வருடை' என்று வருவது அதுதான், பாறைச் சரிவில் குளம்பு எப்படிப் பிடித்து நிற்கும் என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டுவார். ஆனால் ஒரு வரையாட்டை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. போன தீபாவளிக்கு என் மகனிடம் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

ஊர் சுற்றும் பயணங்களைப் புக் செய்து தரும் ஒரு செயலியில் தேடினேன். பெயர் சொல்லப் போவதில்லை. நட்சத்திரம், படம், 'சரிபார்க்கப்பட்ட வழிகாட்டி' என்று பச்சை டிக், எல்லாம் இருக்கிற வகை. அதில் ஊட்டியைச் சேர்ந்த ஒரு டூர் நடத்துபவர் போட்டிருந்தார்: 'முக்கூர்த்தி தேசியப் பூங்கா, ஒரு நாள், அதிகபட்சம் 6 பேர், இயற்கை அறிந்த வழிகாட்டி, வனத்துறை அனுமதி உட்பட, மதிய உணவு உட்பட.' தலைக்கு 3,500. நாங்கள் நான்கு பேர், அதனால் 14,000. அப்புறம் 'இ-பாஸ், பெர்மிட் செலவு' என்று தனியாக 400 கேட்டு, அதை மட்டும் அவருடைய நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார். மொத்தம் 14,400 ரூபாய்.

அந்த 400-லேயே நான் விழித்திருக்க வேண்டும். நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கப் பணமே கிடையாது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொண்டு வந்தது. இணையத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வெளியூர் வண்டிக்குத்தான் வேண்டும். நாங்கள் போனது அரசு பஸ்ஸில். அவர்கள் வேனோ டிஎன் 43, நீலகிரி வண்டி. இரண்டுக்கும் இ-பாஸ் தேவையில்லை. அப்படியென்றால் அந்த 400 எதற்கு?

அப்புறமும் ஏன் நம்பினேன் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு வீடியோ கால். பணம் கட்டும் முன் அப்பாவின் முழங்கால் வலியைச் சொல்லி, நிறைய நடக்க முடியாதே என்று கேட்டிருந்தேன். அவரே கூப்பிட்டார். "அக்கா, போனை அப்பாகிட்டக் குடுங்க" என்றார். "ஐயா, நீங்க வாத்தியாரா? எங்கப்பாவும் வாத்தியார்தாங்க. ஜீப் போற வரைக்கும் ஜீப்புல போலாம், அப்புறம் அரை கிலோமீட்டர்தான், நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். வரையாட்டைக் காட்டாம உங்கள ஊருக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். அப்பா முகத்தில் அன்று இருந்த சிரிப்பை நான் என்ன சொல்ல. அன்று மாலையே பழைய பைனாகுலரை எடுத்துத் துடைத்தார். மறுநாளிலிருந்து கால் பழகட்டும் என்று வாய்க்கால் கரையில் தினமும் நடக்கப் போனார். அந்த ஆள் அனுமதிக் கடிதம் என்று ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினார். வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. நான் 14,400-ஐயும் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேரிங்கிராஸில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தே முக்காலுக்கே போய்விட்டோம். பனியில் மகனுக்குப் பல் கிட்டிப் போனது. வண்டி வந்தது ஏழு நாற்பதுக்கு. ஜீப் இல்லை, டெம்போ டிராவலர். உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர். எங்களோடு பதின்மூன்று. ஆறு பேர் என்றீர்களே என்று டிரைவரிடம் கேட்டால், "ஆபீஸ்ல கேளுங்க்கா" என்றார். வழிகாட்டி எங்கே என்றால், "நான்தாங்க்கா." இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். ஏறும்போதே "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, அட்டென்டன்ஸ் போடணும்" என்றார். சொன்னேன். இந்த ஓடிபியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

முத்தோரை பாலாடா வழியாக அவலாஞ்சிப் பக்கம் போனோம். இருபக்கமும் கேரட் தோட்டம். அப்பா சன்னல் ஓரம் உட்கார்ந்து என் மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். முக்கூர்த்தி 78 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், சின்னப் பூங்கா. வரையாட்டைக் காப்பாற்றத்தான் அதை ஒதுக்கினார்கள், முதலில் அதன் பெயரே வரையாடு தேசியப் பூங்கா. மேலே முழுக்கப் புல்வெளி, பள்ளத்தில் மட்டும் சோலைக்காடு, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடையாக விடுவது அதுதான். இறந்தவர்களின் உயிர் முக்கூர்த்திச் சிகரம் வழியாகத்தான் மறு உலகம் போகும் என்பது தோடர்களின் நம்பிக்கை. பின் சீட்டில் இருந்த திருப்பூர்க் குடும்பத்துப் பிள்ளைகளும் எழுந்து வந்து கேட்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வழிகாட்டி செய்ய வேண்டிய வேலையை, பணம் கட்டி வந்த என் அப்பா செய்துகொண்டிருந்தார்.

அவலாஞ்சி சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. அதற்கு மேல் தனியார் வண்டி போகாது. டிரைவர் இறங்கிப் புகை பிடிக்கப் போய்விட்டார். நான் போனில் இருந்த அனுமதிக் கடிதத்தை வனக்காவலரிடம் காட்டினேன். வயதானவர், நல்ல மனிதர். ஒரு நிமிடம் பெரிதாக்கிப் பார்த்தார். "அம்மா, இது நாங்க கொடுத்தது இல்லை. தேதியைப் பாருங்க, அந்த எழுத்து மட்டும் வேற மாதிரி இருக்கு. ஆள் பேரும் இல்ல, வண்டி நம்பரும் இல்ல. யாரோ பழசை எடுத்து மாத்தியிருக்காங்க" என்றார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பா பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

அந்த வனக்காவலர்தான் விளக்கமாகச் சொன்னார். முக்கூர்த்திக்குள் இப்படி வேன் பிடித்துக் கூட்டிப்போகிற டூர் என்று எதுவும் கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்களே, அதற்குப் பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள். இப்போது நடந்து போக விரும்புகிறவர்கள், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடிலுக்கு, அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவுக்கு என்று வழிகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே உடன் வருவார்கள். ஆனால் அது மலை நடை, முழங்கால் வலி உள்ளவருக்கு ஆகாது. இதைச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, வரையாடுதான் பாக்கணும்னா ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற ரோட்டுக்குப் போங்க. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் ரோட்டோரத்துக்கே வரும். பஸ்ஸுல இருந்தே பாக்கலாம்" என்றார்.

கோபியிலிருந்து வால்பாறைக்குப் போக பஸ்ஸுக்கு என்ன ஆகியிருக்கும்? நான் 14,400 கட்டியிருக்கிறேன்.

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. அந்தச் சாவடியிலிருந்து வனத்துறையே தன் வண்டியில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே கூட்டிப்போகிறது. அதற்காவது டிக்கெட் எடுத்துப் போகிறோம் என்றோம். வரிசை நீளமாக இருந்தது. டிரைவர் காத்திருக்க முடியாது என்றுவிட்டார். அடுத்து எங்கே போனோம் தெரியுமா? எமரால்டு ஏரியைப் பார்க்கிற ஒரு வளைவில் பதினைந்து நிமிடம். அப்புறம் ஒரு டீத்தூள், சாக்லேட், தைலம் விற்கிற கடையில் ஒரு மணி நேரம். கடைக்கு மட்டும் காத்திருக்க நேரம் இருந்தது. மூன்று மணிக்கு ஆளுக்கு ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம். நான்கரைக்குச் சேரிங்கிராஸில் இறக்கிவிட்டார்கள்.

இறங்கும்போது அந்தப் பையன் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு நாள் கூலிதாங்க்கா. முக்கூர்த்திக்குள்ள வண்டி போகாதுன்னு ஊட்டியில எல்லாருக்கும் தெரியும்." அவர் மீது எனக்குக் கோபமில்லை. தெரிந்துகொண்டே வீடியோ காலில் என் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினானே, அவன் மீதுதான்.

லாட்ஜுக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். முதல் தடவை, "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்." இரண்டாவது தடவை, "மேல பனி அதிகம்னு ரூட் மாத்திட்டாங்க, இயற்கைக்கு நாம என்ன பண்ண முடியும்?" கடிதம் போலி என்று வனக்காவலர் சொன்னாரே என்றேன். "அவருக்கு விஷயம் தெரியாதுக்கா, மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்." அந்த மேனேஜருக்குப் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. ஞாயிறு காலை ஒரு செய்தி வந்தது: அடுத்த டூரில் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி தருவார்களாம், செயலியில் நான் போட்ட ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிட வேண்டுமாம். முடியாது என்றேன். மதியத்திலிருந்து என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான். கணவர் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான்.

செயலிக்காரர்கள் இதைவிட மோசம். புகார் கொடுத்த பத்தே நிமிடத்தில் பதில்: 'உங்கள் பயணம் வெற்றிகரமாக நிறைவடைந்தது. பணம் திரும்பத் தர இயலாது.' எப்படி நிறைவடைந்தது? காலையில் நான் சொன்ன ஓடிபி! அட்டென்டன்ஸ் என்று வாங்கினார்களே, அதுதான் 'சேவை கிடைத்துவிட்டது' என்பதற்கு என் ஒப்புதலாம். ஏழு நாற்பதுக்கு வண்டியில் கால் வைத்ததுமே என் டூர் கணக்கில் முடிந்துவிட்டது. போனில் பிடிக்க நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். எடுத்த பெண், "மேடம், நாங்க இடையில் இருக்கிற தளம் மட்டும்தான், டூர் நடத்துறவர்கிட்டப் பேசுங்க" என்றார். அவன் எடுப்பதில்லை என்றேன். "48 மணி நேரத்தில் பதில் வரும்." பச்சை டிக் போட்டது நீங்கள்தானே, யாரைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். அதற்கும் 48 மணி நேரம். அந்த 400-ஐப் பற்றிக் கேட்டதும், "அது வெளியே கட்டினது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று வைத்துவிட்டார்.

14,400 ரூபாய். என் கணவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். பஸ்ஸும் லாட்ஜும் சேர்க்காமல் 14,400. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, "விடு கண்ணு, மலையைப் பார்த்தோமில்ல, அது போதும்" என்றார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று தெரியும். மேட்டுப்பாளையம் வரும் வரை அதற்கு மேல் அவர் பேசவே இல்லை.

புக் செய்யும் முன் பார்க்க வேண்டியவை என்று சொன்னேன் அல்லவா. விரிவாக எழுத இப்போது முடியவில்லை, தலை வலிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தேசியப் பூங்காவுக்குள் கூட்டிப்போகிறோம் என்று யார் சொன்னாலும், பணம் கட்டும் முன் அந்த வனக்கோட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் அது உங்களுக்கான கடிதம் இல்லை. இ-பாஸுக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓடிபியைப் பயணம் முடிந்து இறங்கும்போதுதான் சொல்ல வேண்டும், ஏறும்போது கேட்டால் சொல்லாதீர்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேன் நம்பர், சாப்பாட்டுப் பொட்டலம், கடை வாசல் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்தது நான்கே படம், அதிலும் மூன்று ஏரி.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். போலிக் கடிதத்துக்கும் அந்த ஜிபே 400-க்கும் 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லியிருக்கிறேன். ஊட்டி வரை அலைய வேண்டியதில்லையாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஈரோட்டில் போடப் போகிறேன்.

சனிக்கிழமை எங்களோடு அந்த வேனில் வந்த திருப்பூர்க் குடும்பம், முன் சீட்டில் இருந்த சேலத்துத் தம்பதி, யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். உங்களிடமும் அதே கடிதம் இருக்கிறதா, அதே தேதியா என்று மட்டும் சொல்லுங்கள். சேர்ந்து போட்டால் வழக்கு நிற்கும்.