குண்டில்லாத சின்னப் பீரங்கி: வாய்வழியா, பின்வழியா, கார்பைடா?

1861 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் தென் கரோலினாவில், உள்நாட்டுப் போரின் முதல் சண்டைக்குப் பின், சம்டர் கோட்டையிலிருந்த வடக்குப் படை வெளியேறியது. அதற்கு முன் சுமார் 34 மணி நேரம் குண்டுமழை. அந்தச் சண்டையில் ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை. சாவு வந்தது கொடியை இறக்கும்போது போட்ட மரியாதை வெடியில். 100 வெடி போடுவதாக இருந்தார்கள். 47ஆவது வெடிக்கு மருந்தை உள்ளே தள்ளும்போதே அது வெடித்து, டேனியல் ஹவ் என்ற சிப்பாய் இறந்தார். முந்தைய வெடியின் கனல் குழலுக்குள் அணையாமல் கிடந்திருக்கும் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

குண்டு போடாத வெடிதானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். சுடும் நேரத்தில் எல்லோரும் ஒதுங்கித்தான் நிற்பார்கள். அடுத்த வெடிக்கு மருந்து ஏற்றும்போதுதான் கை குழலின் வாய்க்கு முன்னால் இருக்கிறது. ஆகவே எந்தப் பீரங்கி நல்லது என்று கேட்டால், சூடான குழலும் புது மருந்தும் எப்படிச் சந்திக்கின்றன என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அமெரிக்காவில் வரலாற்று நிகழ்ச்சிகளிலும் படகுக் கிளப்களிலும் சுதந்திர தின விருந்துகளிலும், குண்டில்லாமல் சத்தத்துக்காக மட்டும் வெடிக்கும் சின்னப் பீரங்கிகளில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். முதலாவது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணிப் பீரங்கி. புகையும் முழக்கமும் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. வேலையும் இதில்தான் அதிகம்.

ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் திருகுமுனைக் கோலை விட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சுழற்றி எடுக்க வேண்டும். அப்புறம் ஈரத் துடைப்பான், அதன்பின் உலர்ந்த துடைப்பான். துடைக்கும்போதும் மருந்தைத் தள்ளும்போதும் ஒருவர் தோலுறை போட்ட கட்டைவிரலால் பற்றுவாயை, அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் சிறு துளையை, அழுத்தி மூடியிருப்பார். அது திறந்திருந்தால் கோல் தள்ளும் காற்று அந்தத் துளை வழியே ஓடி, மிச்சக் கனலை ஊதிவிடும். கோலைத் தள்ளுகிறவர் குழலுக்குப் பக்கவாட்டில் நின்று, கட்டைவிரலைக் கோலைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைப்பார். தவறி வெடித்தால் கோல் கையைப் பிய்த்துக்கொண்டு போகாமல் உருவிக்கொண்டு போகட்டும் என்பதற்காக.

மருந்தைக் குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. ஒரு கனல் இருந்தால் குப்பி முழுவதும் கையிலேயே வெடிக்கும். முன்கூட்டியே அளந்து, கெட்டியான அலுமினியத் தாளில் பொதிந்து வைப்பது மேல். துணிப்பையைப் போல அது கனன்றுகொண்டிருக்காது. ஆனால் கிழிந்த துண்டுகள் உள்ளே தங்கும், திருகுமுனைக் கோலைத் தவிர்க்க முடியாது. மருந்து எப்போதும் பீரங்கிக்கான பருமணிக் கருமருந்துதான், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள். இன்றைய துப்பாக்கித் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து குழலையே பிளந்துவிடும். சத்தம் கூடட்டும் என்று காகிதத்தையோ புல்லையோ திணித்தால் அதுவே குண்டாகிவிடும், குழலுக்குள் அழுத்தமும் ஏறும். அலங்காரத்துக்கு வார்த்த பொம்மைக் குழல்களில் மருந்தே போடக் கூடாது. வார்ப்பிரும்பு என்றால் உள்ளே எஃகு உள்குழல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பற்றவைக்கத் திரியா, தள்ளி நின்று இழுத்தால் தீப்பொறி வரவைக்கும் இழுகயிறா? திரி விலகி நிற்க நேரம் தரும். ஆனால் அது எரியும்போது ஒரு குழந்தை முன்னால் ஓடிவந்தால் நிறுத்துவது கஷ்டம். கயிற்றைக் கடைசி நொடியில்கூட இழுக்காமல் இருந்துவிடலாம். கூட்டம் இருக்கும் இடத்தில் என் ஓட்டு கயிற்றுக்கே.

இரண்டாவது, பின்பக்கம் திறக்கும் சைகைப் பீரங்கி. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான வின்செஸ்டரின் மாடல் 98 இதில் பேர்பெற்றது: 10 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) வெற்றுத் தோட்டா, அதாவது குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள தோட்டா; கயிற்றை இழுத்தால் வெடி. திறந்து பார்த்தால் குழலின் மறுமுனை வெளிச்சம் தெரியும், உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று கண்ணாலேயே உறுதி செய்யலாம். மருந்து தோட்டாவுக்குள் அடைபட்டிருப்பதால் கனலைத் தொடாது. படகுப் பந்தயத்தைக் குறித்த நொடியில் தொடங்கிவைக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. தோட்டாச் செலவு உண்டு. ஏற்றியதும் ஏற்றாததும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால், சுடும் நொடி நெருங்கும்வரை தோட்டாவைப் போடாதீர்கள். ஆள் சரியாக இல்லாத இடத்தில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

மூன்றாவதில் கருமருந்தே கிடையாது. பென்சில்வேனியாவின் ‘பிக் பேங்’ பீரங்கியில் கால்சியம் கார்பைடு தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவாகிறது, பொத்தானை அழுத்தினால் வரும் தீப்பொறி அதை வெடிக்கவைக்கிறது. 1912 முதல் விற்பனையில் இருக்கும் பொருள். சத்தம் பலமாக இருக்கும், புகை இருக்காது. வீட்டு முற்றத்துக்கு இது போதும். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் நாமே செய்வது வேறு விஷயம்: 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் அப்படிப்பட்ட கார்பைடு துப்பாக்கிகள் பல பிள்ளைகளின் கண்களைப் பதம் பார்த்தன.

மூன்றுக்கும் காதடைப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். முன்னால் யாரும் கூடாது, பின்னுதைப்பு இருப்பதால் நேர் பின்னாலும் கூடாது.

வெடிக்காமல் போனால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எதிலும் உடனே எட்டிப் பார்க்கக் கூடாது. கார்பைடு என்றால் மறுபடி பொத்தானை அழுத்தலாம், இல்லையென்றால் பக்கவாட்டில் நின்றபடியே வாயுவை வெளியேற்றலாம். தோட்டா என்றால் குழலை ஆளில்லாத பக்கம் வைத்தபடி காத்திருந்து, பின்பக்கம் திறந்து எடுத்துத் தண்ணீரில் போடலாம். வாய்வழிப் பீரங்கியில் பத்து நிமிடமாவது விலகி நின்று, பிறகு பக்கவாட்டிலிருந்து பற்றுவாய் வழியே தண்ணீரை ஊற்றி மருந்தை நன்றாக ஊறவைத்து, அதன்பிறகே திருகுமுனைக் கோலால் சுரண்டி எடுக்க வேண்டும்.