ஓட்டுக் கூரையின் கீழ் 16 மழைக்காலங்கள்: பிரித்து மாற்றும் நேரம் எப்படித் தெரிந்தது

பழைய கூரையின் கீழ் 11 ஆண்டுகள், அதைப் பிரித்து மாற்றியபின் 5 ஆண்டுகள். ஒழுகுகிற இடத்தில் நாலு ஓடு மாற்றினால் போதும் என்று முதல் 8 ஆண்டுகள் நான் நம்பியிருந்தது தவறு.

மழை வரும், கூடத்தில் சொட்டும், மேலே ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவோம். அடுத்த மழைக்கு இரண்டடி தள்ளிச் சொட்டும். நீர் புகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல என்பதே எனக்கு அப்போது தெரியாது. உள்ளே வந்த நீர் கூரையைச் சரிவாகத் தாங்கும் மரச்சட்டத்தின் அடிப்பக்கமாக வழிந்து, ஆணியிலோ மரக்கணுவிலோ தட்டிய இடத்தில்தான் விழுகிறது. கறை தெரிந்தால் அங்கிருந்து முகடு வரை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது, பல ஒழுகல்களுக்குக் காரணம் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் போட்ட தகடு. துருவேறி ஊசித்துளை விட்டிருந்தது. தகடு மட்டும் போயிருந்தால் தகட்டை மாற்றினால் தீர்ந்தது; அதற்காக யாரும் கூரையைப் பிரிக்க வேண்டாம். மழையே இல்லாத குளிர்ந்த காலையில் ஈரம் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் ஒழுகல் இல்லை, உள்ளிருந்து எழும் ஈரக்காற்று படிவதுதான். காற்றோட்டம் கொடுத்தால் குறையும்.

ஒன்பதாம் ஆண்டு வந்த தச்சர் மேலே ஏறவே இல்லை. "முதல்ல வெளிய வந்து முகட்டைப் பாருங்க" என்றார். முகட்டின் இரு முனைக்கும் நூலை இழுத்துக் கட்டிக் காட்டினார். நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பழைய மரக்கூரையில் லேசான தொய்வு இருக்கத்தான் செய்யும், அது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதே கேள்வி. மறு ஆண்டு மூன்று விரல் ஆனது. ரீப்பரும் (ஓடுகள் உட்காரும் குறுக்கு மரப்பட்டை) சட்டமும் வளைந்தால் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் வாய் திறந்துகொள்கிறது. காற்றோடு வரும் சாரல் அதன்வழியே ஏறிவிடும். அங்கே புது ஓடு வைத்தாலும் உட்காராது. எட்டு ஆண்டுகளாக ஒழுகல் இடம் மாறிக்கொண்டே இருந்ததன் விடை இதுதான்.

அடுத்து ஸ்க்ரூடிரைவரால் சட்டங்களைக் குத்திப் பார்த்தார். நடுப்பகுதியில் இறங்கவில்லை. சுவரில் உட்காரும் நுனியில் ஒரு விரல் ஆழம் சுலபமாக இறங்கியது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்கும் அபாயம் உண்டு. காற்றுப் படாத நுனியில்தான் அது தொடங்குகிறது. கரையான் மண்கோடுகளையும் அங்கேதான் தேட வேண்டும்.

ஓடுகளோ பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. சூளையில் நன்கு வெந்த ஓடு 50 ஆண்டுகளைச் சுலபமாகத் தாண்டும். விரலால் சுண்டினால் கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம். சொத்தென்றாலோ, மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்தாலோ கழித்துவிட வேண்டும். பாசியைக் கண்டு பயந்து ஓடுகளையெல்லாம் மாற்றுவது வீண் செலவு. கூரையின் ஆயுள் மரத்தில் இருக்கிறது.

தெரிந்த பிறகும் தள்ளிப்போட்டேன். ஒரு மூலையில் மட்டும் இருந்த உளுப்பு, வேலை தொடங்கிய 11ஆம் ஆண்டில் சுவர்மேல் கிடக்கும் கட்டை வரை பரவியிருந்தது. நாலு சட்டத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை முழுக் கூரையாகிவிட்டது. இன்றும் அது உறுத்துகிறது.

இப்போது சட்டம், ரீப்பர், தகடு எல்லாம் புதிது. கணீரென்ற ஓடுகள் பழையவை. ஓட்டுக்கு அடியில் நீர்த்தடுப்புத் தாள் விரித்து, காற்றுப் போக இடமும் விட்டிருக்கிறோம். ஐந்து மழையிலும் ஒரு சொட்டு இல்லை. ஆண்டுக்கொரு முறை நூல் கட்டிப் பார்க்கிறேன். இம்முறையும் முகடு நேராகத்தான் நிற்கிறது. பள்ளத் தகட்டில் சருகு சேர்ந்திருந்தது, வாரிப் போட்டுவிட்டு இறங்கினேன்.