79 பெரிதா, 68 பெரிதா? டனலும் லேனும்

எம்லன் டனல் 79, டிக் 'நைட் டிரெயின்' லேன் 68. எதிரணி வீசிய பந்தை நடுவானில் பறித்த கணக்கு இது. அமெரிக்கக் கால்பந்தில் இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து டனல்தான் பெரிய ஆள் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இருவரையும் யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே போய்க் கதவைத் தட்டினார்கள். டனல் 1948-ல் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாழைப்பழ லாரியில் ஏறி நியூயார்க் வந்து, ஜயன்ட்ஸ் அலுவலகத்தில் வாய்ப்புக் கேட்டார். அந்த அணியின் முதல் கறுப்பின வீரர் ஆனார். லேன் பட்டது இன்னும் அதிகம். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பச்சைக் குழந்தையாகக் குப்பையில் போடப்பட்டவர். அழுகைச் சத்தம் கேட்டு எடுத்து வளர்த்த அம்மாவின் பெயர்தான் லேன். ராணுவத்தில் இருந்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் எண்ணெய் வழியும் தகடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். 1952-ல் தன்னைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிவைத்த நோட்டோடு ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

அந்த 1952 சீசன் ஒன்றே இருவரையும் எடைபோடப் போதும். புதுமுகம் லேன் 12 ஆட்டங்களில் 14 பந்துகளைப் பறித்தார். இப்போது 17 ஆட்டங்கள் ஆடுகிறார்கள், ஆனாலும் அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. டனலோ பறித்த பந்துகளையும், எதிரணி உதைத்து அனுப்பிய பந்துகளையும் ஏந்திக்கொண்டு 924 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு தாக்குதல் ஆட்டத்தில் பந்தைச் சுமந்து லீக்கிலேயே அதிகம் ஓடிய டான் டவுலரே 894 கெஜம்தான். ஒரு தடுப்பாட்டக்காரர் அவரை மிஞ்சினார்!

சரி, ஏன் லேன்? டனல் சேஃப்டி. பின்னால் நின்று மைதானம் முழுவதையும் பார்த்து, பந்து போகும் பக்கம் பாயலாம். லேன் கார்னர்பேக். ஓரத்தில் ஒரு ரிசீவரோடு, அதாவது வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி வீரரோடு, தனியாக மல்லுக்கட்ட வேண்டும். ஓரடி பிந்தினால் பந்து அவர் கைக்குப் போய்விடும். அந்த இடத்தில் நின்று எடுத்த 68 எனக்குக் கனமாகத் தெரிகிறது. கழுத்தில் கையைப் போட்டுச் சாய்க்கும் லேனுடைய பிடிக்கு 'நைட் டிரெயின் நெக்டை' என்றே பெயர். இன்று அது விதிமீறல். அதை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனால் பந்தைப் பறித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோப்பை என்று பார்த்தால் டனலுக்கு 1956-ல் ஜயன்ட்ஸிலும் 1961-ல் கிரீன் பே அணியிலுமாக இரண்டு. லேனுக்கு ஒன்றுகூட இல்லை. நடுவே ஆறு ஆண்டுகள் சிகாகோ கார்டினல்ஸ் அணியில் ஆடியவர், பாவம். ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலுக்குள் டனல் 1967-ல் போனார், முதல் கறுப்பின வீரராக. லேன் 1974-ல்.

களத்தில் என் ஓட்டு லேனுக்குத்தான். களத்துக்கு வெளியே டனலுக்குப் பக்கத்தில் யாரையும் நிறுத்த மனம் வரவில்லை. 1944-ல் அவர் கடலோரக் காவல்படையில் இருந்தார். நியூ கினி கரையில் டார்பிடோ பாய்ந்து கப்பல் தீப்பிடித்தபோது, உடல் பற்றி எரிந்த சக மாலுமியின் மேலிருந்த தீயை வெறும் கையால் அடித்து அணைத்தார். அவர் கையும் வெந்தது. அதற்கான பதக்கம் 2011-ல்தான் வந்தது, அவர் இறந்து 36 ஆண்டுகள் கழித்து.