கேமரன் குளிருக்கு ஒரு ஜாக்கெட்: உள்ளே எந்தப் பஞ்சு?

மலேசியாவில், கேமரன் மலையடிவாரத்துத் தாப்பா வெயிலில் பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட் எதற்கு என்று கேட்பீர்கள். மலைப்பாதையில் ஏறி ரிங்லெட் ஊரைத் தாண்டிப் பாருங்கள், ராத்திரியில் தெரியும். போர்வைக்குப் பஞ்சு விரிப்பு (இரண்டு துணிக்கு நடுவே வைத்துத் தைக்கும் பஞ்சுத் தாள்) வாங்கும்போது கதகதப்பைப் பார்த்தால் போதும். உடுப்புக்கு அது அப்புறம்தான். துணி உடம்போடு படிகிறதா, துவைத்தால் காய்கிறதா, இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

படிவதில் பருத்திதான் முதலிடம். தட்டையாக இருக்கும், காற்றோட்டமும் உண்டு. ஆனால் முதல் துவையலில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கும். மார்புச் சுற்று 100 செ.மீ. என்றால் 5 செ.மீ. வரை போய்விடும், பொத்தான் எட்டாது. அதைவிடத் தொல்லை ஈரம். சாயங்காலமானால் மழை பிடிக்கும் ஊரில், தண்ணீர் குடித்த பருத்தி லேசில் காயாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும். தையல் ஓரத்தைக் கிள்ளினால் ஜில்லென்று இருக்கும். அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை வாடைதான்.

பாலியெஸ்டர் இதற்கு நேர்மாறு. சுருங்காது, சீக்கிரம் காயும், எடை இல்லை, விலையும் குறைவு. தடிமனானதை வாங்கினால் மட்டும் ஆள் தலையணை மாதிரி உப்பிவிடுவார், மெல்லியதாகக் கேளுங்கள். வியர்வையை உறிஞ்சாது, அயர்ன் சூடு அதிகமானால் உருகும். கறுப்புத் துணிக்குள் மலிவான வெள்ளை ரகத்தை வைத்தால் இழைகள் நெசவு வழியே மெல்ல வெளியே எட்டிப்பார்க்கும்.

80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர் கலந்ததும் உண்டு. சுருக்கம் கொஞ்சம் குறையும், இல்லாமல் போகாது.

கம்பளி இழையில் செய்த பஞ்சு விரிப்பு ஈரம் பட்டாலும் சூடு காக்கும். மெல்பர்னில் படிக்கும் பிள்ளைக்குத் தைக்கிறீர்கள் என்றால் செலவழிக்கலாம். இங்கே பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கும். மெஷினில் போடலாமா என்று உறையில் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் திரண்டுபோகும்.

வீட்டில் இலவம் பஞ்சு சும்மா கிடக்கிறதே என்பார்கள். தலையணைக்குச் சரி. உடுப்புக்குள் போட்டுத் துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் தூறலிலும் வேலை பார்க்கிறவருக்கு மெல்லிய பாலியெஸ்டரைத்தான் சொல்வேன். வார இறுதியில் சும்மா மேலே போய் வருகிறவருக்குப் பஞ்சே வேண்டாம். நனைத்துச் சுருக்கிய ஃபிளானல் துணி ஒரு அடுக்கு போதும், அழகாகவும் விழும்.

எதை எடுத்தாலும் முதலில் துணிக்குள் பஞ்சு வைத்து 20 செ.மீ. சதுரம் ஒன்றைத் தைத்து, துவைத்து, அளந்து பாருங்கள். தையல் போட்டாலே துணி கொஞ்சம் உள்ளிழுக்கும். அதனால் துணியைப் பெரிதாக விட்டு, பஞ்சோடு முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் ஜாக்கெட் அளவுக்கு வெட்ட வேண்டும். தோள், அக்குள் இணைப்புகளில் தையலுக்கு வெளியே நிற்கும் பஞ்சை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் தடித்து நிற்கும்.